ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வராதது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மண்டபம், வேதாளை, தங்கச்சிமடம் பக்கம் பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை, கஞ்சா என்று கைது நடந்தால் மறுநாளே செய்தி வருகிறது. வீட்டாரின் அலைச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் வாரக்கணக்கில் ஆள் சிறையிலேயே இருப்பது இங்கே புதிதல்ல. பல நேரம் அதற்குக் காரணம் வழக்கின் கடுமை அல்ல, வீட்டு வரி ரசீது!

நீதிமன்றம் பெரும்பாலும் இருநபர் ஜாமீன், அதாவது இரண்டு பேர் பொறுப்பேற்பதைக் கேட்கும். ஜாமீன்தாரர் ஆதார், ரேஷன் கார்டு, வரி ரசீதுடன் வர வேண்டும். மீனவர் குடியிருப்புகளில் பல வீடுகள் புறம்போக்கில் நிற்பவை, பட்டா கிடையாது. ரசீது இருந்தாலும் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும், அல்லது இனிஷியல் ஆதாரோடு ஒத்துப்போகாது. ஏற்கெனவே எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்றும் அவர் எழுதித் தர வேண்டும். காசுக்கு ஜாமீன் நிற்பவரை நம்பி இறங்கினால் இந்த இடத்தில்தான் சிக்கல் வரும்.

இதற்கு வழி இருக்கிறது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் விடுதலையாகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது இது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, நாமே மனு போடலாம். ஜாமீனில் விடக்கூடிய சாதாரணக் குற்றமென்றால், கைதாகி ஒரு வாரத்தில் ஜாமீன் கொடுக்க முடியாதவரை வசதியற்றவராகக் கருதி, ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையிலேயே விட வேண்டும்.

தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்ற நிபந்தனையும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் சிரமமில்லை. மற்ற நாளில் விசைப்படகில் போனவர் மறுநாள்தான் கரையேறுவார். கையெழுத்து விட்டுப்போனால் ஜாமீனே ரத்தாகலாம். தொழிலைச் சொல்லி முதலிலேயே தளர்வு மனு போடுவது நல்லது.

கைதான அன்று கவனிக்க வேண்டியது, கைதுக்கான காரணத்தை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தந்தார்களா என்பது. ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு, குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது அது கையில் இருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், ஞாயிறானாலும், மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடிபட்டிருந்தால் அவரிடம் அப்போதே சொல்ல வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100க்கு அழைத்தாலே போதும்.

ரிமாண்ட் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த நாளையும் சேர்த்து 60 நாளுக்குள், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை வரும் வழக்கில் 90 நாளுக்குள், 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். மனு மட்டும் குற்றப்பத்திரிகைக்கு முந்திவிட வேண்டும். ஒரு நாள் அசந்தால் அந்த உரிமை போயிற்று. கடல் அட்டை வழக்கில் ஜாமீனே கிடையாது என்று ஊரில் சொல்வது தவறு. வனவிலங்குச் சட்டத்தில் முன்பே தண்டனை பெற்றவருக்குத்தான் அந்தக் கெடுபிடி.

தண்டனை வந்துவிட்டால் தீர்ப்பு நகல் இலவசம். மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் 30 நாளில் செஷன்ஸ் நீதிமன்றத்திலும், செஷன்ஸ் தீர்ப்பு என்றால் 60 நாளில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலும் மேல்முறையீடு செய்யலாம். ஜாமீனில் இருந்தவருக்கு மூன்றாண்டு வரை தண்டனை என்றால், மேல்முறையீடு செய்யும்வரை வெளியே இருக்க அவகாசம் கேட்டு, தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே அன்றே மனு கொடுக்கலாம். உள்ளே இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பலாம்.

– வழக்கறிஞர்கள் சிலர், ராமநாதபுரம்