தத்தாவுக்கும் மற்றவர்களுக்கும்

மாலத்தீவில் அக்காவைத் ‘தத்தா’ என்று கூப்பிடுவார்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரம் அம்மாவிடம் போனில், “பக்கத்து வீட்டுத் தத்தாதான் தினமும் குடிதண்ணீர் கொண்டுவந்து தர்றாங்க” என்றேன். “வயசான மனுஷனைத் தண்ணீர் சுமக்க விட்டுட்டு நீ சும்மா இருக்கியா?” என்று அம்மா பிடித்துக்கொண்டார். தத்தாவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அந்த ஊரில் பாட்டிக்குப் பெயர் ‘மாமா’ என்பதை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு குழப்பம் போதும்.

ஏழு வருடம் அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன மாதம்தான் திருச்செந்தூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினேன். இந்த மடல் முதலில் தத்தாவுக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த மொழியில் நேரில் ‘ஷுக்குரிய்யா’, அதாவது நன்றி, சொன்னபோதெல்லாம், வேண்டாததைச் சொன்னவளைப் பார்ப்பதுபோல் முறைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அதனால் அவர் முறைக்க முடியாத இடத்தில், முறைக்க முடியாத மொழியில் சொல்கிறேன்.

2018 ஜனவரியில் போனேன். வேலை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட், “மாலேக்குப் பக்கத்துத் தீவு, சாயங்காலம் கடைக்குப் போய் வரலாம்” என்று சொல்லியிருந்தார். தலைநகர் மாலேயில் இறங்கியதும் இன்னொரு சின்ன விமானத்தில் ஏற்றினார்கள். அது ஹனிமாது தீவில் இறக்கியது. அங்கிருந்து விசைப்படகு. நான் போன இடம் ஹா தாலு அட்டோல், அதாவது வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம், மாலேயிலிருந்து வடக்கே கிட்டத்தட்ட 270 கிலோமீட்டர். சாயங்காலம் கடைக்குப் போய் வரும் தூரம்தான்! படகுத் துறையில் கணக்குப் பார்த்தபோது புத்தகப் பெட்டியையும் காணோம்.

அந்தப் பெட்டியைப் பத்து நாள் கழித்து, மாலேயிலிருந்து சரக்கு ஏற்றிவரும் படகுக்காரர்கள் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். நனையாமல் தார்ப்பாய் சுற்றியிருந்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. “ஸ்கூல் மிஸ்ஸுடைய புத்தகம்” என்று மட்டும் ஒருவர் சொன்னார். அவர்கள் பெயரை நான் கேட்டுக்கொள்ளாதது இன்றுவரை உறுத்துகிறது. படகை அவர்கள் ‘தோனி’ என்பார்கள். நம் தோணியேதான். அந்த ஒரு சொல்தான் முதல் வாரத்தில் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். கிணற்றுத் தண்ணீர் துணி துவைக்கவும் குளிக்கவும்தான். எங்கள் வீட்டுக் கிணற்றில் அழுகிய முட்டை வாடை வேறு. குடிக்க மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருப்பார்கள். நான் குடியிருந்த வீட்டில் தொட்டி உடைந்து கிடந்தது. எனக்குக் கேட்கத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சம். நான் கடையில் பாட்டில் பாட்டிலாகத் தூக்கி வருவதை இரண்டு நாள் பார்த்த தத்தா, மூன்றாம் நாள் ஒரு வாளியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். முதல் மழையை விட்டுவிட வேண்டும், கூரை அழுக்கு போன பிறகுதான் பிடிக்க வேண்டும், வாயில் துணி கட்ட வேண்டும் என்று கையாலேயே பாடம் நடத்தினார். எம்.ஏ., பி.எட். படித்தவளுக்கு இவ்வளவு தெளிவாக யாரும் பாடம் எடுத்ததில்லை.

அந்த வாரமே பொங்கல். வெல்லம் இல்லை, கரும்புக்குப் போவது எங்கே? சும்மா சீனி போட்டுப் பொங்கிவிடலாம் என்றிருந்தேன். தத்தாவின் மாமா, அதாவது அவருடைய பாட்டி, ஒரு போத்தலில் கறுப்பாகப் பாகு கொடுத்தனுப்பினார். தென்னங்கள்ளை இறக்கியதும் புளிக்க விடாமல் காய்ச்சி எடுப்பது, ‘தியா ஹகுரு’ என்று பெயர். நாக்கில் வைத்ததும் எனக்கு உடன்குடிக் கருப்பட்டி ஞாபகம் வந்துவிட்டது. பதநீர் காய்ச்சும் ஊரிலிருந்து போனவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றைக்குப் பொங்கல் கறுப்பாகத்தான் இருந்தது. தத்தா வீட்டுப் பிள்ளைகள் பானையை வழித்துவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு நான் பெரிதாகச் சிரமப்படவில்லை. நம் கடைகளில் மாசி என்று விற்பது அவர்கள் ஊர்ச் சூரை மீன்தானே. முருங்கைக்கீரையை அவர்களும் ‘முரங்கா’ என்றே சொல்வார்கள். காய்கறிதான் படகு வந்தால் உண்டு, தென்மேற்குக் காற்று ஓங்கிவிட்டால் இல்லை. அந்த நாட்களில் மேல்தெருக் கடைக்காரர் எனக்கென்று நாலு தக்காளியை எடுத்து மறைத்து வைப்பார். அவருக்கும் நன்றி. மற்றவர்கள் மன்னிக்க வேண்டும்.

அடுத்தது ஆறாம் வகுப்பு. போன முதல் மாதம் நான் மோசமான வாத்தியாராகத்தான் இருந்தேன். இங்கே பழகியபடி இலக்கண விதியைப் பலகையில் எழுதி, இருபது வாக்கியம் கொடுப்பேன். அந்தப் பிள்ளைகளோ டிவியும் யூடியூபும் பார்த்து என்னைவிட வேகமாக ஆங்கிலம் பேசினார்கள். எழுதச் சொன்னால்தான் பேனா நகராது. ஒரு நாள் நான் ‘சீரோ’ என்றதும் பின்வரிசையில் சிரிப்பு. குரான் ஓதிப் பழகிய வாய்க்கு அந்த ‘z’ அதிர்வு சுலபம், நம் வாய்க்குத்தான் வராது. இடைவேளையில் ஒரு பையன் வந்து, “மிஸ், தேனீ மாதிரி” என்று பல்லைக் கடித்து ரீங்காரம் போட்டுக் காட்டினான். அவன் கேலி செய்யவில்லை, எனக்குக் கற்றுக்கொடுத்தான். ஒரு வாரம் தேனீயாகப் பறந்தேன், வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் பாடம் மாறியது. மீன்பிடிக்கப் போன அப்பாவைப் பற்றி, தீவுக்கு வராத படகைப் பற்றி எழுதச் சொன்னேன். பேனா நகர்ந்தது. ஆங்கிலத்தில் இருக்கும் ‘அட்டோல்’ என்ற சொல் உங்கள் மொழியிலிருந்து போனதுதான் என்று சொன்ன அன்று வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்ததை மறக்க மாட்டேன்.

மாலத்தீவு மொழியான திவேஹியைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒருவர் மதிய நேரங்களில் எனக்குத் தானா எழுத்து சொல்லித்தந்தார். வலமிருந்து இடம். முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்தும், அடுத்த ஒன்பது அவர்களுடைய பழைய எண்களிலிருந்தும் வந்தவை என்று அவர் சொன்ன பிறகு எனக்கு மனதில் நின்றது. கடைப் பலகையை முதன்முதலாகப் படித்த நாளில் தெருவில் நின்று சத்தமாகவே படித்தேன்.

பக்கத்துத் தீவில் இருந்த சாத்தூர்க்காரச் சாரைச் சொல்லாமல் விட்டால் பாவம். எந்தத் தாளில் யார் கையெழுத்து, வங்கி வேலைக்கு மாலே போனால் எங்கே தங்குவது, எல்லாம் அவர் சொன்னதுதான். “முதல் நோன்பு மாதம் தாண்டிட்டீங்கன்னா ஊர் பிடிச்சிடும் டீச்சர்” என்றார். தாண்டினேன். பகலில் சாப்பாட்டுக் கடை கிடையாது, மாலையில் மூன்று வீட்டிலிருந்து தட்டு வரும்.

2020 ஜூனில் இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் மாலேயிலிருந்து 700 பேரைத் தூத்துக்குடிக்கு ஏற்றி வந்தது. என்னையும் வரச் சொல்லி அம்மா அழுதார். கொரோனா பயம் எனக்கும் இருந்தது. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் டிவிப் பாடத்தில் புரியாததையெல்லாம் போனில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சாத்தூர்க்காரச் சார் அந்தக் கப்பலில் கிளம்பினார், நான் கிளம்பவில்லை. அன்று இரவு தத்தா ஒன்றும் கேட்காமல் ரொஷி ரொட்டியும், சூரை மீனும் தேங்காய்த் துருவலும் கலந்த மாஸ் ஹுனியும் கொண்டுவந்து வைத்தார். நான் போய்விடுவேன் என்று நினைத்திருந்தாராம், பல மாதம் கழித்துச் சொன்னார்.

தத்தா, என் வீட்டுச் சாவி பள்ளியில் இருக்கிறது. புதிதாக வரும் டீச்சர் கேரளாக்காரராம். அலமாரியின் கீழ்த்தட்டில் பொங்கல் பானை இருக்கிறது, அவர் எடுத்துக்கொள்ளட்டும். வாளி உங்களுடையது. கைப்பிடி ஆடுகிறது, கம்பி கட்டிக் கொடுங்கள்.