தரகர் கூலியை அழைத்தவரே கொடுக்கட்டும்

பாலக்காடு நகரத்துக் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கும், அந்தச் சங்கங்களில் உறுப்பினராக இருக்கிற வீட்டுக்காரர்களுக்கும்,

வணக்கம்.

இதை நகராட்சிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் மின்வாரிய அலுவலகத்துக்கு முதலில் போன் போடுவது உங்கள் செயலாளர்தான். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் மஸ்கட்டுக்குப் போனார்கள், எந்த வீடு எத்தனை நாளாகப் பூட்டிக் கிடக்கிறது, எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. வீடு தேடி வருகிறவருக்கு வேண்டியதும் அந்தத் தகவல்தான். அதை அவர் இன்றைக்கு ஒரு மாத வாடகை கொடுத்து வாங்குகிறார். உங்களிடம் அல்ல, தெருமுனையில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருக்கும் தரகரிடம்.

முன்பெல்லாம் பாலக்காட்டில் வாடகை வீடு தேடியவர்கள் ஒலவக்கோடு ரயில்வேக்காரர்கள், வங்கி ஊழியர்கள், விக்டோரியா கல்லூரிக்கு மாற்றலாகி வந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் வந்த யாராவது ஒருவர் அழைத்துக்கொண்டு போய் வீடு காட்டிவிடுவார். இப்போது நிலைமை வேறு. 2014இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, 2015இல் ஐஐடி வந்தது. கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளுக்குத் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் வாளையாற்றைத் தாண்டி தினமும் ஆள் வருகிறார்கள். பஸ்ஸும் ரயிலும் அலுத்துப்போய் இங்கேயே வீடு பார்க்கிறார்கள். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 12 தொழில் நகரங்களுக்கு ஒப்புதல் கொடுத்ததே, அதில் பாலக்காடும் ஒன்று, 1,710 ஏக்கர். அந்தச் செய்தி வந்ததிலிருந்து வாடகை பேசும்போது அந்த ஏக்கர் கணக்கை எடுத்துவிடாத தரகரை நான் பார்க்கவில்லை. நாங்கள் அங்கே தொழிற்சாலை கட்ட வந்தவர்கள் மாதிரி.

வீட்டுக்குப் பஞ்சமும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு கட்டடம் ஆளில்லாமல் கிடந்தது. கல்பாத்தியில் ஒரு நடை நடந்து பாருங்கள். வரிசை வீடுகளில் கோலம் போட்ட வாசலும் பூட்டுத் தொங்கும் வாசலும் மாறி மாறி வரும். பாரம்பரியப் பகுதி என்பதால் இடித்துக் கட்டுவது லேசில்லை. பிள்ளைகள் பம்பாயிலோ பாஸ்டனிலோ இருக்கிறார்கள். விற்கவும் மனம் இல்லை. நூரணியிலும் இதே கதைதான். ஆள் இங்கே, வீடு இங்கே, நடுவில் மட்டும் ஒருவர் நின்று கை நீட்டுகிறார்.

எங்கள் வீடு கிடைத்த விதத்தைச் சொல்கிறேன். கல்பாத்திப் பக்கம் சாத்தபுரத்தில் ஒரு கம்பிக் கதவில் அட்டை தொங்கியது. மலையாளத்தில் எழுதியிருந்ததை என் கணவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். வீட்டுக்காரர் நம்பர் என்று நினைத்துக் கூப்பிட்டால் எடுத்தவர் தரகர். பக்கத்தில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: கீழே இருந்த பழைய நம்பரின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, அதன்மேல் புது நம்பர். தாளின் ஓரம் வெயிலில் சுருண்டு, பழைய நம்பரின் கடைசி இரண்டு எண் மட்டும் எட்டிப் பார்த்தது. வீட்டைக் காட்டப் பெட்ரோல் காசு தனி. பிடித்துப்போனதும் ஒரு மாத வாடகை அவருக்கு, அட்வான்ஸ் வீட்டுக்காரருக்கு. சாவியை அவர் எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? பக்கத்து வீட்டு மாமியிடமிருந்து.

குடிவந்து சில வாரத்தில் குளியலறைக் குழாய் ஒழுகியது. தாணேயில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போன் செய்தபோது பேச்சோடு பேச்சாகத் தரகர் கூலியைச் சொன்னேன். "தரகரா? அது யாரும்மா? நான் பக்கத்து மாமியிடம் சொல்லிவைத்தேன், அவ்வளவுதான்" என்றார். மாமியிடம் கேட்டால், "யாரோ வந்து வீட்டைப் பார்க்கணும்னான், சாவியைக் கொடுத்தேன்" என்கிறார். ஆக, வீட்டுக்காரர் அழைக்கவில்லை, மாமி அழைக்கவில்லை, நாங்களும் அழைக்கவில்லை. காசு மட்டும் எங்கள் கையிலிருந்து போயிருக்கிறது.

எல்லாத் தரகரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்காக வீட்டைக் கழுவித் துடைத்து, பிளம்பரைக் கூட்டி வந்து, ஒப்பந்தம் எழுதி, கடைசியில் மீட்டரைப் படம் எடுத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது உழைப்பு. ஆனால் அந்த உழைப்பு யாருக்காக? வீட்டுக்காரருக்காக. அப்படியிருக்க, கூலி ஏன் குடிவருகிறவர் தலையில்?

இதற்கு வீட்டுக்காரர்கள் பக்கம் ஒரு பதில் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகருக்குக் கிடைக்கும் காசில் பாதி, வீட்டுக்காரர் தன் வாயால் சொல்ல விரும்பாத "இல்லை"யைச் சொல்வதற்காக. "ஃபேமிலிக்கு மட்டும்", "சைவம் மட்டும்", "அந்தப் பெயர்க்காரர்களுக்கு வேண்டாம்", "ராத்திரி ஷிஃப்ட் போகிற பெண்களுக்கு வேண்டாம்". இதையெல்லாம் தெருவில் முகம் பார்த்துப் பழகும் மனிதர் எப்படிச் சொல்வார்? தரகர் சொல்லிவிடுவார். அதுகூடச் சொல்ல மாட்டார், "அந்த வீடு நேற்றே போயிடுச்சு" என்று முடித்துவிடுவார். என் கணவரோடு கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கும் ஒருவர் புதுநகரத்து ராவுத்தர் குடும்பம்; நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் ஆள். டவுனுக்குள் அவர் கேட்ட வீடுகள் எல்லாமே நேற்றே போயிருந்தன. அதே வீடுகளில் ஒன்றைத்தான் அடுத்த வாரம் எங்களுக்குக் காட்டினார்கள். அந்த வீடு எங்களுக்கு வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2016இன் ரியல் எஸ்டேட் சட்டப்படி முகவர்கள் பதிவு செய்ய வேண்டும்தான், ஆனால் அது விற்பனைக்கு. வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பவர் அந்த வலையில் விழுவதில்லை. கேரளத்தின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1965இல் வந்தது. அன்றைய பிரச்சினை குடியிருப்பவரைத் திடீரென்று வெளியேற்றுவது, தரகர் அல்ல. 2021 ஜூனில் மத்திய அரசு மாதிரி வாடகைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, குடியிருக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்றது. ஆனால் அதை மாநிலங்கள் எடுத்துக்கொண்டால்தான் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் எல்லோரும் 11 மாதத்துக்கு எழுதுகிறோம். அந்த 11 மாதம் முடிந்ததும் "புதுப்பிக்க" என்று தரகர் மறுபடி வந்து நிற்கிறார். அதே வீடு, அதே ஆள், அதே ஒப்பந்தம், தேதி மட்டும் புதுசு. அதற்கும் கூலி!

வெளியூரில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் 2015 ஜூன் முதல் வாடகை வீட்டுத் தரகரை யார் அமர்த்தினாரோ அவரே கூலி கொடுக்க வேண்டும். நியூயார்க் நகரத்தில் 2025 ஜூனிலிருந்து ஏறக்குறைய அதே விதி. அங்கேயும் "கூலியை வாடகையில் ஏற்றிவிடுவார்கள்" என்ற பேச்சு வந்தது. ஏற்றட்டுமே. மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுப்பது வேறு. புது ஊரில் அட்வான்ஸ், லாரி வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் கழுத்தை நெரிக்கும் அதே வாரத்தில் மொத்தமாக எடுத்துவைப்பது வேறு.

சட்டம் வருகிறபோது வரட்டும். அதுவரை உங்களால் ஆகக்கூடியது இருக்கிறது, காசும் அதிகம் ஆகாது. சங்கத்தில் ஒரு நோட்டு போடுங்கள்: எந்த வீடு காலி, எத்தனை அறை, வாடகை, அட்வான்ஸ், கிணறா பைப்பா, வண்டி நிறுத்த இடம் உண்டா, வீட்டுக்காரர் நம்பர். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போடுகிற ஆர்வத்தில் பாதி போதும் இதற்கு. சங்க அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள், மலையாளத்தோடு தமிழிலும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் போர்டுகள் சாதாரணம்; டவுனில்தான் குறைவு. மலையாளம் படிக்கத் தெரியாமல் பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் வருகிறவர் பலகையைத் தாண்டி நேராகத் தரகரிடம் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிபந்தனை இருந்தால் அதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். "கல்பாத்தித் தேர்த் திருவிழா மூன்று நாளும் நாங்கள் வந்து தங்குவோம், முன் அறை வேண்டும்" என்று எங்கள் வீட்டுக்காரர் முதலிலேயே சொன்னார். ஐப்பசியில் கல்பாத்திக்காரர்கள் எங்கே இருந்தாலும் ஊருக்கு வருவார்கள் என்று தெரியும், எங்களுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. பாயசம் வேறு கிடைக்கிறது. சொல்லக் கூச்சப்படும் நிபந்தனை என்றால், அதை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கும். தயங்கட்டும். சில வீட்டுக்காரர்கள் எழுதாமல் விட்டுவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை. துணிந்து எழுதுகிறவர் யார் என்பதாவது சங்கத்துக்குத் தெரிய வரும்.

சாவியை வைத்திருப்பவருக்குக் காசு கொடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உண்மையில் வீட்டைக் காட்டுகிறவர் அந்த மாமிதான், அல்லது எதிர்வீட்டு சேச்சி. பூட்டிய வீட்டின் மாடிக் குழாய் உடைந்தால் முதலில் பார்ப்பதும் அவர்கள்தான். இத்தனை வருஷமாக ஒரு காபிகூடக் கிடைக்காமல் இதையெல்லாம் செய்கிறார்கள். வீட்டுக்காரர் அவர்களுக்கு ஒரு தொகை கொடுத்தால் அது நியாயமான கூலி. தரகரை வைத்துக்கொள்ள விரும்பும் வீட்டுக்காரர் வைத்துக்கொள்ளட்டும், கொடுக்கட்டும். குடிவருகிறவரிடம் கேட்கக் கூடாது என்று பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள். சங்கத் தீர்மானத்துக்குச் சட்ட பலம் இல்லைதான். ஆனால் குப்பையை எங்கே வைப்பது, வண்டியை எங்கே நிறுத்துவது என்று நீங்கள் போட்ட தீர்மானங்களை இந்தத் தெருக்கள் எவ்வளவு ஒழுங்காகக் கேட்கின்றன என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஓணத்துக்கு முன்னால் நடக்கும் பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொண்டால் நல்லது. பள்ளிக்கூடம் மாறுகிறவர்கள் வீடு தேடும் ஏப்ரல், மே மாதங்களுக்குள் நோட்டு தயாராக இருக்கும். வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பொதுக்குழுவில் ஓட்டு இல்லை என்று தெரியும். பேச அனுமதித்தால் வருகிறேன். தமிழ்ப் பக்கத்தை எழுதித் தரும் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாத்தபுரத்தில் வாடகைக்கு இருக்கும் ஒருத்தி