மாதிரி வினாக்களோடு தவறுக்கான விளக்கமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளியாகும் கேட் (GATE, பொறியியல் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) மாதிரி வினாக்களை, கேரள எல்லையோரத்திலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத்து மாணவர்கள் விடாமல் செய்து பார்க்கிறார்கள். பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு, எல்லை தாண்டிக் கோவைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் இவர்கள். 2015இல் தொடங்கப்பட்ட பாலக்காடு ஐஐடி பக்கத்திலேயே இருக்க, அங்கு எம்.டெக். சேரும் ஆசை இவர்களுக்கு வருவது இயல்புதான். ஆனால் வினாவும் விடைக்குறிப்பும் மட்டுமே அச்சாவதால், எத்தனை மதிப்பெண் என்று தெரிகிறதே ஒழிய, எங்கே சறுக்கினோம் என்பது தெரிவதில்லை.

மாலை நேரத்தில் கணிதம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் நான் காண்பது இதுதான்: மதிப்பெண் குறைந்தால் உடனே இன்னொரு மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள், இல்லையென்றால் ஏற்கெனவே நன்றாக வரும் பாடத்தையே மீண்டும் புரட்டுகிறார்கள். பயிற்சி மையங்களும் மேலும் மேலும் தேர்வுகளைத்தான் விற்கின்றன. நேரியல் இயற்கணிதம் தனக்கு வராது என்று ஒதுக்கிவைத்த மாணவரின் கணக்குத்தாளை வாங்கிப் பார்த்தால், கருத்து சரியாகவே இருக்கும். அணியின் (மேட்ரிக்ஸ்) ஐகன் மதிப்புகள் எனப்படும் சிறப்பு எண்களைக் காண அணிக்கோவையை (டிடர்மினன்ட்) விரிக்கும்போது ஒரு கூட்டல், கழித்தல் குறி மாறியிருக்கும். ஐகன் மதிப்புகளின் பெருக்கற்பலன் அந்த அணியின் அணிக்கோவை மதிப்புக்குச் சமம் என்பதைக்கொண்டு, அம்மதிப்பைத் தனியே கணக்கிட்டுச் சரிபார்த்திருந்தால், அந்தத் தவறு பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டிருக்கும். இவருக்கு வேண்டியது புதுப் பாடமன்று, சரிபார்க்கும் பழக்கம். கருத்தே தெரியாதவருக்கும், தெரிந்தும் நேரம் போதாதவருக்கும் மருந்து வேறு.

எதை முதலில் சீர்செய்வது என்பதையும் மதிப்பெண் பங்கீடே காட்டிவிடுகிறது. இயந்திரவியல், மின்னியல், கணினி அறிவியல் போன்ற தாள்களில் மொத்தம் 100க்குப் பொதுத் திறனறிவுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13. தமிழ்வழி மாணவர்கள் ஆங்கிலத்துக்கு அஞ்சிப் பொதுத் திறனறிவை முழுவதுமாகக் கைவிடுவது வீண் இழப்பு. அதில் ஆங்கிலம் ஒரு பகுதிதான், மற்றவை விகிதம், வரைபடம், தர்க்கம் முதலியவை.

பிடிபடாத பாடத்தில் குருட்டாம்போக்கில் விடை குறிப்பதைப் பற்றியும் மாணவர்களுக்குத் தெளிவு வேண்டும். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாவில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படுவதால், கண்ணை மூடிக் குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடை தவறு என்று உறுதியாக நீக்க முடிந்தால் சிறிது லாபம் உண்டு. எண்ணை நாமே உள்ளிடும் வினாக்களிலும், ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய வினாக்களிலும் கழிவே கிடையாது. அவற்றையும் வெறுமையாக விட்டுவருபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, வாரத்துக்கு ஐந்தே வினாக்கள் போட்டாலும் போதும். ஒவ்வொன்றிலும் மாணவர்கள் வழக்கமாக எந்தப் படியில் தவறுகிறார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற விளக்கத்தைத் தமிழில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். கலைச்சொற்களை ஆங்கில ஒலிப்பிலேயே தமிழ் எழுத்தில் தந்தால், தேர்வுத் தாளில் அதே சொல்லைக் காணும்போது தடுமாற மாட்டார்கள். புதிதாக வினா தயாரிக்கும் சிரமமும் இல்லை. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களும் விடைகளும் கேட் இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் நடப்பதால், தீபாவளி முடிந்ததும் இப்பகுதியைத் தொடங்கினால் இவ்வாண்டு எழுதுபவர்களுக்கே பயன்படும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.