வரியைத் தேடுவதா, வாசிப்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற நான், இப்போது சுசீந்திரம் பக்கத்தில் ஒரு நூலகத்தில் மாலை வேளைகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு அமர்ந்து ஆங்கிலம் வாசித்து வருகிறேன். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்றால் இலக்கணத்தையும் சொற்பஞ்சத்தையுமே குறை சொல்லிப் பழகிவிட்டோம். வாசிப்பதற்கு அவர்களைப் பழக்கவே இல்லை என்பதை மலையேற்றம் பற்றிய ஒரு பத்தி எனக்குத் தெளிவாகக் காட்டியது.

1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தைப் பற்றி எளிய வாக்கியங்களில் நானே எழுதிக் கொடுத்த பத்தி அது. ஹிலாரிக்கும் டென்சிங்குக்கும் முன்பே, மே 26ஆம் தேதி, சார்லஸ் எவன்ஸ், டாம் போர்டில்லன் என்னும் இருவர் உச்சிக்கு ஏறத்தாழ 300 அடி கீழே வரை சென்றார்கள். ஆக்சிஜன் கருவி தொல்லை கொடுத்தது, பிற்பகல் ஆகிவிட்டது, உடல் களைத்துவிட்டது, திரும்பினார்கள். அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்று கேட்டிருந்தேன். வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த ஒரு மாணவி, 'டர்ன்ட் பேக்' என்ற சொற்கள் வரும் வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் பார்த்தெழுதிக் கொண்டு வந்தாள். காரணம் எங்கே என்று கேட்டதற்கு, "சார், கேள்வியில உள்ள வார்த்தை இங்கதான கெடக்கு" என்றாள். காரணமோ அதற்கு முந்தைய மூன்று வாக்கியங்களில் பரந்து கிடந்தது. அவள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. கேள்வியிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து அந்த வரியை எழுதினால் மதிப்பெண் உண்டு என்று அவளைப் பழக்கிய ஆசிரியர்களில் நானும் ஒருவன் என்ற வருத்தமே வந்தது.

மறுநாள் அதே பத்தியை வேறு விதமாகத் தொடங்கினேன். தாளைக் கொடுப்பதற்கு முன், மருந்துவாழ்மலைக்கு ஏறியவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். பாதிப் பேர் தூக்கினார்கள். எங்கே மூச்சு வாங்கியது, எந்த இடத்தில் காற்று தள்ளியது, ஏறுவது கடினமா இறங்குவது கடினமா என்று தமிழிலேயே பத்து நிமிடம் பேசினோம். ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்பவர்களை நான் அறிவேன். ஆனால் மலையேறுபவருக்கு என்னவெல்லாம் நேரும் என்று பிள்ளை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருந்தால்தான், பத்தியின் அடுத்த வாக்கியம் என்ன சொல்லப்போகிறது என்ற எதிர்பார்ப்போடு வாசிக்க முடியும் என்பது என் அனுபவம்.

அருஞ்சொற்பொருள் பட்டியலையும் முன்கூட்டித் தரவில்லை. 'ரிட்ஜ்' என்ற சொல் வந்த இடத்தில், அது குறுகலானது, இருபுறமும் சரிவு, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும் என்று வாக்கியமே சொல்லியிருந்தது. "வயல் வரப்பு மாதிரியா சார்?" என்றான் ஒரு சிறுவன். நாஞ்சில் நாட்டுப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை எந்த அகராதி தரும்? பனிப்பாறையில் விழும் பிளவை, மீன் பெட்டிக்கு உடைக்கும் ஐஸ் கட்டியில் ஓடும் விரிசலை வைத்துக் கடற்கரை ஊர்ப் பிள்ளை ஒருத்தி விளங்கிக்கொண்டாள். சுற்றியுள்ள சொற்களைக் கொண்டு தெரியாத சொல்லின் பொருளை ஊகிக்கும் இந்தத் திறனை, நாள்தோறும் இருபது சொற்களை மனப்பாடம் செய்யவைத்து வளர்க்க முடியாது. ('கிளைம்ப்' என்பதில் கடைசி எழுத்து ஒலிக்காது என்பது போன்ற திருத்தங்களை, பத்தியை முழுதும் வாசித்து முடித்த பிறகே சொன்னேன்.)

மலையேற்றப் பத்தி இதற்கு மிகவும் ஏற்றது என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. அதில் எது முன், எது பின் என்ற வரிசை குலைந்தால் கதையே குலைந்துவிடும். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காரணம் பக்கத்திலேயே இருக்கும். மே 29 காலையில் ஹிலாரியின் பூட்ஸ் உறைந்து கட்டையாகிவிட்டது, அதைச் சூடாக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று, 6.30க்குத்தான் கூடாரத்தை விட்டுப் புறப்பட்டார்கள் என்று எழுதியிருந்தேன். இரவு எவ்வளவு குளிராக இருந்திருக்கும், முந்தைய இரவு பூட்ஸை எங்கே வைத்திருப்பார் என்று கேட்டேன். இவற்றுக்கான விடை எந்த வரியிலும் இல்லை. பார்த்தெழுத வழியில்லாமல் பிள்ளைகள் யோசித்தார்கள். "வெளியில வச்சிருப்பாரு சார்" என்று பின்வரிசையிலிருந்து வந்த விடை சரியானது. அந்த வகுப்பில் அதுவரை வாய் திறக்காத பையன் அவன்.

எவரெஸ்ட் என்ற பெயருக்கும் நம் மாவட்டத்துக்கும் உள்ள தொடர்பைச் சொன்னதும் அவர்களுடைய ஆர்வம் இன்னும் கூடியது. லாம்டன் என்னும் ஆங்கிலேய நில அளவையாளர் தொடங்கிவைத்து, அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் 1841இல் முடித்த நெடிய நில அளவை, குமரிமுனைக்கு அருகிலிருந்து இமயமலை அடிவாரம் வரை நீண்டது. அவர் பெயரே 1865இல் அச்சிகரத்துக்குச் சூட்டப்பட்டது. இதை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டதால், அடுத்த வாரத்துக்கான பத்தி அதுவாயிற்று.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளியாகும் ஆங்கிலப் பயிற்சியில், விடைகள் கேள்விகளுக்குக் கீழேயே அச்சாகின்றன. அவற்றை மறுவாரம் வெளியிடுமாறும், ஒவ்வொரு பத்திக்கும் ஒரே வரியில் விடை கிடைக்காத ஒரு கேள்வியையேனும் சேர்க்குமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய பத்திகளை எழுதித் தர நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
சுசீந்திரம், கன்னியாகுமரி மாவட்டம்.