அரசு வாங்கும் ஜாமீனை வீடு கட்டுகிறவருக்கும் வாங்கிக் கொடுங்கள்

வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். திருச்சியில் வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தும், வீட்டுக்கடன் தரும் வங்கிகளுக்கு மதிப்பீட்டுச் சான்று எழுதியும் பிழைக்கிற கட்டடப் பொறியாளன் நான். உங்களிடம் கேட்பதற்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது: தனி வீடு கட்டித் தரும் ஒப்பந்ததாரருக்கும் ஜாமீனைக் கட்டாயமாக்குங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரசு ஒரு பள்ளிக்கூடம் கட்டினால், ஒப்பந்ததாரரின் வாய் வார்த்தையை நம்பி ஒரு செங்கல்கூட வைப்பதில்லை. டெண்டரில் கலந்துகொள்ளவே முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். வேலை கிடைத்ததும் பிணை வைப்பு. அப்புறம் பில்லுக்குப் பில் ஒரு பிடித்தம். மத்திய அரசின் பொது நிதி விதிகளில் டெண்டருக்கு 2 முதல் 5 சதவீதம், வேலை கிடைத்தபின் ஒப்பந்தத் தொகையில் 3 முதல் 5 சதவீதம் என்று இருக்கிறது. ஆள் பாதியில் விட்டுப் போனால் அந்தப் பணம் அரசுக்கு. ஊர்ப் பணத்தைக் காப்பாற்ற அது வேண்டியதுதான்.

அதே ஒப்பந்ததாரரிடம் ஒரு சாதாரணக் குடும்பம் நாற்பது லட்சம் ரூபாய்க்கு வீடு கட்டக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முன்வைப்பு கிடையாது, பிணை கிடையாது. ஒரு முத்திரைத்தாளில் சதுரடிக்கு இவ்வளவு என்று எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டதோடு சரி. இன்னும் சொன்னால் பணம் எதிர்த் திசையில் போகிறது. அரசு வேலை என்றால் ஒப்பந்ததாரர் முதலில் பணம் கட்டுகிறார், வீட்டு வேலை என்றால் வீட்டுக்காரர் முதலில் பணம் கட்டுகிறார். பூமி பூஜைக்கு முன்பே அட்வான்ஸ் கைமாறிவிடும்.

கட்டுகிற ஆளுக்கு லைசென்ஸும் தேவையில்லை. வீட்டுக்கு வயர் இழுக்கிற ஒப்பந்ததாரருக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். வரைபடம் போடுகிற நான், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் கடைக்கால் தோண்டுவதிலிருந்து பெயிண்ட் அடிப்பதுவரை மொத்தத்தையும் கையில் எடுக்கிற தனி வீட்டு ஒப்பந்ததாரர் விசிட்டிங் கார்டு அடித்தால் போதும்.

திருவெறும்பூர் பக்கம் ஒரு வீட்டுக்கு மதிப்பீட்டுக்காகப் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. வேலை லிண்டல் மட்டத்தோடு, அதாவது கதவு ஜன்னலின் தலைமட்டத்தோடு நின்றிருந்தது. தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்கு அந்த அம்மா பழைய சிமெண்ட் சாக்கைச் சுற்றிச் சணல் கட்டி வைத்திருந்தார். அப்படியும் துரு இறங்கித் தூண் முழுக்கச் செம்மண் நிறத்தில் கோடு கோடாக இருந்தது. கொடுத்த பணத்தையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதியிருந்தார், எல்லாவற்றுக்கும் வங்கிப் பரிவர்த்தனை எண் உட்பட. அந்த நோட்டின்படி மொத்தத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. நான் அளந்த வேலை மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. ஒப்பந்ததாரரின் போன் அணைந்து கிடந்தது.

அதோடு முடியவில்லை. சென்ட்ரிங் ஷீட் வாடகைக்குக் கொடுத்தவர் அந்த அம்மாவின் வாசலில் வந்து நிற்கிறார். செங்கல் சூளைக்காரர் பாக்கி கேட்கிறார். ரூஃப் போடாததால் அடுத்த தவணைக்கு என்னால் சான்று தர முடியாது, நான் தராவிட்டால் வங்கி பணம் தராது. வேறு ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டால், அடுத்தவர் கை வைத்த வேலைக்கு நான் பொறுப்பேற்க முடியாது என்கிறார், இல்லையென்றால் ரேட்டை ஏற்றுகிறார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அந்தத் தூணின் கம்பியை யார் நம்புவது?

ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மனையும் அடுக்ககமும் விற்கிற கட்டுநருக்கானது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் என்றால், வாங்குகிறவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும், கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து வருடம் பொறுப்பேற்க வேண்டும். நல்ல சட்டம். சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டுகிறவருக்கு அதில் இடமில்லை. அவருக்கு மிச்சம் இருப்பது நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று 2019 சட்டம் தெளிவாகவே சொல்கிறது, 50 லட்சம் ரூபாய்வரை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் ஜெயித்து வாங்குகிற உத்தரவைக் காட்டி யாரிடம் வசூலிப்பது? சொத்தெல்லாம் மனைவி பேரில் இருக்கிற, ஊரைவிட்டே போய்விட்ட மனிதரிடமா?

இந்த இடத்தில்தான் ஜாமீன் பத்திரம் வருகிறது: ஒப்பந்ததாரர் வாக்குத் தவறினால் நான் பணம் தருகிறேன் என்று மூன்றாவது ஆள் ஒருவர் எழுதிக் கொடுப்பது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

அங்கே ஒப்பந்ததாரர்களுக்கு உரிமம் தருவதற்கென்றே 1929 முதல் ஒரு மாநில வாரியம் இருக்கிறது. உரிமம் செல்லுபடியாக வேண்டுமென்றால் 25,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். நம் கணக்கில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். 2007இல் 12,500 டாலராக இருந்தது, 2016இல் 15,000 ஆயிற்று, 2023 ஜனவரி முதல் 25,000. இந்தத் தொகையை ஒப்பந்ததாரர் ரொக்கமாகக் கட்ட வேண்டியதில்லை. ஜாமீன் நிறுவனம் ஒன்று அவருக்காகப் பத்திரம் எழுதிக் கொடுக்கும், அதற்கு அவர் பிரீமியம் கட்டுவார். கடன் வரலாறு ஒழுங்காக இருந்தால் ஆண்டுக்குச் சில நூறு டாலர், மோசமாக இருந்தால் அதைப்போலப் பல மடங்கு. பத்திரம் ரத்தானால் உரிமம் முடங்கிவிடும்.

இதைக் காப்பீடு என்று பலரும் நினைக்கிறார்கள். காப்பீட்டில் நஷ்டத்தை நிறுவனம் சுமக்கும், அதோடு கணக்கு முடிந்தது. ஜாமீனில் அப்படியில்லை. வீட்டுக்காரருக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அதே தொகையை ஒப்பந்ததாரரிடம் திரும்ப வசூலிக்கும். நண்பனின் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர், கட்டிய பணத்தை நண்பனிடம் கேட்பதுபோலத்தான். நமக்கும் இது புதிதல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 126ஆம் பிரிவு ஜாமீன் ஒப்பந்தம் என்றால் என்னவென்று சொல்கிறது, 145ஆம் பிரிவு ஜாமீன்தாரர் கட்டியதைத் திரும்பக் கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது. அதனால்தான் நிறுவனம் பத்திரம் எழுதுவதற்கு முன்பே ஆளைத் தோண்டித் துருவிப் பார்க்கிறது. எந்த அதிகாரியையும்விட, தன் பணம் மாட்டிக்கொள்ளும் நிறுவனம் கறாராகப் பார்க்கும். வீட்டுக்காரருக்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. பணம் திரும்பக் கிடைப்பதுகூட அப்புறம்தான்.

அந்தப் பத்திரத்தின் கீழ் யார் யார் கேட்கலாம் என்பதும் கவனிக்க வேண்டியது. தன் குடியிருப்பில் வேலை செய்யச் சொல்லி, சட்டமீறலால் நஷ்டப்பட்ட வீட்டுக்காரர் கேட்கலாம். சம்பளம் வராத தொழிலாளியும் கேட்கலாம். வேண்டுமென்றே செய்த மீறலால் பாதிக்கப்பட்ட மற்றவர்களும் கேட்கலாம். ஆனால் வீட்டுக்காரர் அல்லாதவர்களுக்கு எல்லாமாகச் சேர்த்து 7,500 டாலருக்கு மேல் போகாது. மிச்சம் வீட்டுக்காரர்களுக்கு என்று ஒதுக்கி வைத்ததுபோல ஆகிறது. இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. 25,000 டாலர் என்பது ஒரு வீட்டுக்கு அல்ல, அந்த ஒப்பந்ததாரர்மீது வரும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்து. நாலு பேரை ஏமாற்றியிருந்தால் நாலு பேரும் பங்கு போட வேண்டியதுதான். கேட்டதும் பணம் வராது, நிறுவனம் விசாரிக்கும், மறுக்கும், வழக்குக்குப் போக வேண்டிவரும். கலிபோர்னியாவில் வீடு கட்டும் செலவுக்கு இந்தத் தொகை எந்த மூலைக்கு? அங்கிருப்பவர்களே கேட்கும் கேள்விதான்.

அதனால் என் பார்வையில் அந்த மாநிலத்தின் கெட்டிக்காரத்தனம் பத்திரத்தைவிட அட்வான்ஸ் விதியில் இருக்கிறது. வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தத்தில் ஒப்பந்ததாரர் வாங்கும் முன்பணம் மொத்தத்தில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதுதான். 40,000 டாலர் வேலை என்றாலும் 1,000 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது, வாங்கினால் குற்றம். அப்புறம் ஒவ்வொரு தவணையும் செய்து முடித்த வேலையின் மதிப்பைத் தாண்டக் கூடாது. வேலைக்கு முன்னால் பணம் ஓடாவிட்டால், விட்டுப் போகிறவர் எடுத்துக்கொண்டு போவது குறைவு. குறைவான நஷ்டத்துக்குச் சின்ன ஜாமீன் போதும்.

நம் ஊரில் ஸ்டேஜ் பேமெண்ட் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் வசதிக்கு எழுதியது. அட்வான்ஸ், பேஸ்மெண்ட், லிண்டல், ரூஃப் என்று வாங்கிக்கொண்டே வந்து, ரூஃப் கான்கிரீட் போட்ட அன்று முக்கால்வாசிப் பணம் போயிருக்கும். பூச்சு, டைல்ஸ், கதவு ஜன்னல், பிளம்பிங், வயரிங் என்று காசு தின்கிற வேலையெல்லாம் அதற்கப்புறம்தான் இருக்கிறது. ஒப்பந்ததாரர் எல்லோரும் திருடர் என்று சொல்ல வரவில்லை. பலர் இந்த வீட்டின் பணத்தை எடுத்து முந்தைய வீட்டின் பாக்கியை அடைக்கிறவர்கள். கம்பி விலை ஏறினாலோ, ஒரு பார்ட்டி பணம் தராமல் இழுத்தாலோ சங்கிலி அறுந்துவிடும். கடைசியாகக் கையெழுத்துப் போட்ட வீட்டுக்காரர் தலையில் விழும்.

உங்கள் துறையிடம் கேட்பது இதுதான். மெட்டீரியலோடு சேர்த்து வீடு கட்டித் தருகிறேன் என்று 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ஒப்பந்தம் எடுக்கிற எவரும் பதிவு செய்ய வேண்டும் என்று விதி கொண்டு வாருங்கள். பதிவுக்கு ஒரு ஜாமீன் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் 5 லட்சம் ரூபாய் போதும், எடுக்கும் வேலையின் அளவு கூடும்போது ஜாமீனும் கூடட்டும். முன்பணத்துக்கு 10 சதவீதம் உச்சவரம்பு வையுங்கள், பதிவு இல்லாவிட்டாலும் எல்லா வீட்டு ஒப்பந்தத்துக்கும் அது பொருந்தட்டும். ஒப்பந்ததாரரின் பதிவு எண்ணைக் கொடுத்தால் ஜாமீன் நடப்பில் இருக்கிறதா, யார் கொடுத்தது, இதுவரை எத்தனை புகார் என்பது இணையத்தில் தெரிய வேண்டும். கலிபோர்னியா வாரியத்தின் தளத்தில் ஜாமீன் நிறுவனத்தின் பெயரும் பத்திர எண்ணும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2024 ஜூலையில் 2,500 சதுரடிவரை மனையில் 3,500 சதுரடிவரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கொண்டு வந்தீர்கள். அந்த விண்ணப்பத்திலேயே ஒப்பந்ததாரர் பதிவு எண் என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும், புது அலுவலகம் திறக்க வேண்டாம்.

ஜாமீன் யார் தருவார்கள்? இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் ஜாமீன் காப்பீட்டு ஒப்பந்தங்களுக்கு வழிகாட்டி நெறிமுறைகள் வெளியிட்டது, அந்த ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே 2022 பிப்ரவரியில் மத்திய நிதி அமைச்சகம் பொது நிதி விதிகளைத் திருத்தி, வங்கி உத்தரவாதத்துக்குப் பதில் இதையும் ஏற்கலாம் என்றது. முதல் பாலிசி அந்த டிசம்பரில் வந்தது. வங்கி உத்தரவாதம் என்றால் அதற்காக வங்கியில் வைக்கும் மார்ஜின் பணம் முடங்கிவிடுகிறது, நடைமுறை மூலதனம் போய்விடுகிறது என்பதுதான் காரணம். ஆனால் அதெல்லாம் பெரிய சாலை, பாலம் எடுக்கிற நிறுவனங்களை மனதில் வைத்து வந்தவை. நாலு வீடு கட்டுகிற திருச்சி ஒப்பந்ததாரருக்குப் பத்திரம் எழுத எந்தக் கம்பெனியும் வரிசையில் நிற்காது. எனவே முதல் சில வருடங்கள் ஜாமீன் தொகைக்கு வைப்பு நிதி ரசீதை அடமானமாகவோ வங்கி உத்தரவாதமாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். புகார்களும் பட்டுவாடாக்களும் சேர்ந்து ஒரு கணக்கு கிடைத்தால், பிரீமியம் நிர்ணயிக்கக் கம்பெனிகள் தாமாக வருவார்கள்.

மேஸ்திரிகளைப் பற்றி ஒரு வார்த்தை, இந்த மடலைப் படித்தால் முதலில் கொதிக்கப்போவது அவர்கள்தான். பத்தாள் வைத்து லேபர் காண்ட்ராக்ட் மட்டும் எடுக்கிறவரை இதில் இழுக்கக் கூடாது. செங்கல்லும் சிமெண்டும் வீட்டுக்காரரே வாங்கிக் கொடுக்கும்போது மேஸ்திரியிடம் மாட்டிக்கொள்ளும் பணம் அதிகபட்சம் ஒரு வாரக் கூலி. மெட்டீரியலோடு எடுக்க ஆரம்பிக்கிற அன்றுதான் அவர் பதிவுக்கு வர வேண்டும். வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாதவருக்கு 5 லட்சம் வைப்பு மலைப்பாக இருக்கும், உண்மைதான். மூன்று வீடுகளைப் புகாரில்லாமல் முடித்தவருக்குத் தொகையைக் குறைக்கலாம், சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்குக் கூட்டு ஜாமீன் கொடுக்க அனுமதிக்கலாம். ஒழுங்காகக் கட்டுகிற ஒப்பந்ததாரர் பலர் என்னிடம் சொல்வது, சதுரடிக்கு இருநூறு ரூபாய் குறைத்துச் சொல்லி வேலையைத் தட்டிக்கொண்டு போகிறவர்தான் பாதியில் ஓடுகிறார் என்று. ஜாமீன் கட்டாயமானால் அந்த ரேட் சொல்ல ஆளிருக்காது.

அடுத்த முறை கட்டட விதிகளைத் திருத்த எடுக்கும்போது, வரைபடம் போடுகிறவர்களின் பதிவு பற்றிய பகுதிக்குப் பக்கத்திலேயே கட்டுகிறவர்களின் பதிவுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். கருத்துக் கேட்புக்கு வரைவு வெளியிட்டால், தவணைக்குத் தவணை அளவெடுத்து நான் எழுதிய மதிப்பீட்டுக் குறிப்புகளைப் பெயர்களை நீக்கித் தரத் தயாராக இருக்கிறேன். எந்தக் கட்டத்தில் பணம் வேலையைத் தாண்டி ஓடுகிறது என்பது அதில் தெரியும்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளன்