கொட்டகையில் குவிந்ததும் தோட்டத்தில் ஓடியதும்: தோட்டச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். விதைப் பரிமாற்றமும் உரக்குழிப் பயிற்சியும் வழக்கம்போல் நடந்தன. அவற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது ஒரே வேலைதான்: வீட்டில் கழித்துப்போட்ட பொருள்களை வைத்துத் தோட்டத்தில் நீரூற்றும் சிறு குளமும் அமைப்பது. அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, சும்மா கிடக்கும் பொருள்களைக் கொண்டு வரலாம் என்று அறிவித்தோம். உறுப்பினர்கள் கொஞ்சமும் கஞ்சத்தனம் காட்டவில்லை. குளியல் தொட்டி, கை கழுவும் பேசின், பித்தளை அண்டா, தகர வாளி, விளிம்பு உடைந்த மண்பானை, மூடி தொலைந்த கெட்டில், வாஷிங் மெஷின் டிரம், தையல் மெஷினின் இரும்புக் கால் என்று கொட்டகை நிரம்பிவிட்டது. தையல் மெஷின் கால் எதற்கு என்று கேட்டேன். பேசினை அதன்மேல் உட்கார வைக்கலாம் என்றார் கொண்டு வந்தவர். வைத்துப் பார்த்தோம், அதற்கென்றே செய்தது போல இருந்தது. டிரம்மில் ஆயிரம் ஓட்டை, தண்ணீர் நிற்காது. அதைக் குளத்துக்குள் கவிழ்த்து மோட்டாருக்குக் கூண்டாக்கினோம். இலையும் சருகும் இப்போது மோட்டாரை அண்டுவதில்லை.

ஒரு பாத்திரம் ஒழுகுகிறதா என்று பார்ப்பது சுலபம். அது தண்ணீரில் எதைக் கரைக்கும் என்பதுதான் கண்ணுக்குத் தெரியாது. தகர வாளியின் துத்தநாகப் பூச்சும் செம்பும் பித்தளையும் மீனுக்கும் நத்தைக்கும் ஆகாதவை. மீன் விடாமல் வெறும் ஊற்றாக வைத்தால் தொல்லையில்லை. மீன் வேண்டும் என்றவர்கள் உள்ளே ரப்பர் ஷீட் விரித்துக்கொண்டார்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், பெயின்ட் உரியும் பாத்திரங்களை ஒதுக்கிவைத்தோம். ஓட்டை அடைக்கும் சிலிகானிலும் கவனம் வேண்டும். குளியலறைக்கு விற்பதில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கும். மீன்தொட்டிக்கு என்று குறிப்பிட்டதையே வாங்க வேண்டும்.

துளையிடும் பயிற்சிக்குத்தான் அதிகக் கூட்டம். பீங்கானுக்கு வைர முனை பிட், குறைந்த வேகம், டிரில்லின் சுத்தியல் முறை (ஹேமர்) கூடவே கூடாது, துளையிடும் இடத்தில் விடாமல் தண்ணீர். இவ்வளவுதான் பாடம். பேசினுக்கு அதுவும் தேவையில்லை. அதன் வடிகால் ஓட்டையில் ஒரு குழாய்த்துண்டை நிமிர்த்திச் செருகிச் சுற்றிலும் அடைத்துவிட்டால், அந்தத் துண்டின் உயரம்தான் நீர்மட்டம். மிச்சத் தண்ணீர் தானாகக் கீழே இறங்கிவிடும். வந்த பொருள்களில் பேசினுக்கே என் ஓட்டு.

இனி, எல்லோரையும் படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். மேலே கெட்டில், நடுவில் பேசின், கீழே ஒரு சின்ன டப் என்று அடுக்கிய உறுப்பினர்கள் பலர். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் மேலே ஏறி ஒவ்வொரு பாத்திரமாக நிரம்பும். அத்தனையும் கீழ்த் தொட்டியிலிருந்து போகிற தண்ணீர். கீழே மட்டம் இறங்கி, மோட்டார் காற்றை உறிஞ்சி இரையத் தொடங்கும். உடனே கீழே இன்னும் ஊற்றுவார்கள். ஊற்று அழகாக ஓடும். மோட்டாரை நிறுத்தியதும்தான் வினை. மேல் பாத்திரத்தின் அடியில் துளையிட்டுக் குழாயை ஏற்றியிருந்தால், அந்தப் பாத்திரத்துத் தண்ணீர் முழுவதும் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கும். கீழ்த் தொட்டி பொங்கித் தரையெல்லாம் வெள்ளம். மோட்டார் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களும் உண்டு, பாவம் மோட்டார்.

இதற்கு வழி இரண்டு. குழாயின் வாயை மேல் பாத்திரத்தின் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து விடுவது ஒன்று. அப்போது குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் மட்டுமே திரும்பும். அப்படிச் செய்ய இடமில்லை என்றால், மேலே உள்ள மொத்தத் தண்ணீரையும் தாங்கும்படி கீழ்த் தொட்டியைப் பெரிதாக வைக்க வேண்டும். அதனால் உறுப்பினர்களுக்கு என் யோசனை: எவ்வளவு அழகான கெட்டில் கையில் இருந்தாலும் முதலில் கீழ்த் தொட்டியைத் தேடுங்கள். அதன் அகலத்தையும் பாருங்கள். தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ, சுற்றிலும் குறைந்தது அவ்வளவு தூரம் தெறிக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். காற்றடித்தால் அதற்கும் மேல்.

மோட்டார் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் லிட்டர் கணக்கை நம்பி வாங்க வேண்டாம். அது உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. உயரம் கூடக் கூட நீர் குறைந்து, பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச உயரத்தில் ஒன்றுமே வராது. உங்கள் ஊற்றின் உயரத்தில் குழாயைப் பிடித்து, ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 6 விநாடி என்றால் மணிக்கு 600 லிட்டர்.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆழமான டப்பில் மெல்லிய தாரையாக விழும் தண்ணீர் பகலில் இனிமையாகத்தான் இருக்கும். இரவில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டி, குழாயை மூட மறந்துவிட்டீர்களா என்று கேட்பார்கள், கேட்டும்விட்டார்கள். விழும் இடத்தில் ஒரு தட்டைக் கல்லைச் சாய்த்து வைத்ததும் அடங்கியது.

கொசுவைப் பற்றி வந்த கேள்விகளுக்குக் கணக்கில்லை. நீர் ஓடும் இடத்தில் கொசு முட்டையிடத் தயங்கும், ஆனால் நம் ஊற்றுகளில் ஓடாத மூலைகள் நிறைய. வெப்பமான நாள்களில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நனைந்தால் பொரியும். ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றுவது மட்டும் போதாது. வாரம் ஒருமுறை பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவ முடியாத பெரிய தொட்டியில் கப்பி மீன் விடலாம். அதற்கும் மனமில்லாதவர்கள் தொட்டியில் மண் நிரப்பிச் செடி வைக்கட்டும், வருத்தப்பட மாட்டேன்.

மின்சாரத்தில் சங்கம் விட்டுக்கொடுக்கவில்லை. 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இல்லாத இணைப்பில் மோட்டார் போட அனுமதி தரவில்லை. கசிந்த நீர் வயர் வழியாக பிளக்குக்குப் போகாமல் இருக்க, வயர் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலேற வேண்டும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உறுதியான கம்பி வலை அவசியம். 5 சென்டிமீட்டர் தண்ணீரும் குழந்தைக்கு ஆபத்து.

குளியல் தொட்டியை பால்கனியில் வைக்க ஒருவர் கேட்டதற்கு மறுத்துவிட்டோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ; 150 லிட்டர் ஊற்றினால் தொட்டியின் எடை போக இன்னும் 150 கிலோ. அந்தத் தொட்டி இப்போது சங்கத்தின் பொதுத் தோட்டத்தில் அல்லிக்குளமாக இருக்கிறது. ஊற்றின் தாரை இலைமேல் விழுவது அல்லிக்குப் பிடிக்காது என்பதால் அதில் மோட்டார் வைக்கவில்லை. ஆகாயத்தாமரை விட்டவர்கள் பெருகியதை அள்ளி உரக்குழியில் போடுங்கள். வாய்க்கால், ஏரிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

பொதுக்குழுவின் முடிவுக்கு வைப்பவை: வாரந்தோறும் யார் கழுவுவார் என்று பெயர் கொடுத்தால்தான் பொதுத் தோட்டத்தில் புதிய ஊற்றுக்கு இடம். வாங்குமுன் சோதித்துப் பார்க்கச் சங்கத்துக்கு ஒரு மோட்டார் வாங்கி இரவல் தர வேண்டும். கொட்டகைக்கு இனி புதிதாக எதையும் ஏற்பதில்லை. அங்கே இன்னும் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்களை, கூட்டம் முடிந்ததும் உரியவர்கள் எடுத்துப்போகலாம். மிஞ்சுவதைப் பழைய இரும்புக்குப் போட்டு, வரும் தொகையை மோட்டார் கணக்கில் சேர்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்