புக்கம் சிங் கல்லறைக்குப் போகிறோம்

குழு உறவுகளுக்கு வணக்கம். போரில் இறந்தவர்களுக்கான நவம்பர் 11 நினைவு நாளை ஒட்டி, ஒன்டாரியோவின் கிச்னர் நகரில் உள்ள மவுண்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம். முதல் உலகப் போரில் கனடாவுக்காகப் போரிட்ட சீக்கிய வீரர் புக்கம் சிங் அங்கேதான் உறங்குகிறார்.

பஞ்சாபிலிருந்து 1907இல் சிறுவனாகக் கனடா வந்தவர். அதே ஆண்டுதான் பிரிட்டிஷ் கொலம்பியா இந்தியர்களின் வாக்குரிமையைப் பறித்தது. அப்புறம் வந்த குடியேற்ற விதிகளால் ஊரில் இருந்த மனைவியையும் அழைத்துக்கொள்ள முடியவில்லை. அப்படி நடத்திய நாட்டுக்காகத்தான் 1915இல் படையில் சேர்ந்தார். நினைத்தாலே மனது கனக்கிறது. 1916இல் போர்முனையில் இரண்டு முறை காயம்பட்டார். பிறகு காசநோய். 1919 ஆகஸ்டில் இறந்தபோது வயது 25.

ஏறக்குறைய 90 ஆண்டுகள் அவரைக் கேட்பாரில்லை. 2007இல் இங்கிலாந்தின் லண்டனில் ஓர் அடகுக் கடையில் அவருடைய போர்ப் பதக்கம் கிடைத்தது. அதன் விளிம்பில் பொறித்திருந்த பெயரைத் தேடிப் போய்த்தான் இந்தக் கல்லறையைக் கண்டுபிடித்தார்கள். இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் சீக்கியர்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். குடியேறி வந்த நாமும் போய் நிற்க வேண்டிய இடம் அது.

பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்து வாருங்கள், பாப்பி மலர் அணிந்துகொள்ளுங்கள். காரில் இடம் இருப்பவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்கள், மற்றவர்களைச் சேர்த்துவிடுகிறோம்.